நாணயத்தின் நாணயம்

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். வகுப்பில் இந்தச் சொல்லை விளக்கும்போதெல்லாம், காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயர் ஏன் என்று மாணவர் கேட்பர். காசு என்பதே ஒரு வாக்குறுதிதான். அந்த வாக்குறுதியை நம்பித்தான் உழவன் நெல்லைத் தருகிறான். நெசவாளி துணியைத் தருகிறான். வாக்கு தவறிவிட்டால் கையில் இருப்பது வெறும் தாள் என்று நாம் விடை கூறுவோம்.

அந்த விடையின் முழுப் பொருளையும் உணர்த்துகின்ற வரலாறு ஒன்று உண்டு. இடம் மாஸ்கோ, ஆண்டு 1961. அந்த ஆண்டு ஜூலைத் திங்களில் ரோக்கோதவ், பைபிஷென்கோ, யாக்கவ்லெவ் என்ற மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் எவரையும் கொன்றவர்கள் அல்லர். பகைவனுக்கு நாட்டைக் காட்டிக் கொடுத்த ஒற்றர்களும் அல்லர். டாலரையும் தங்கக் காசையும் திருட்டுத்தனமாக வாங்கி விற்றவர்கள். அவர்கள் அந்தக் குற்றத்தைச் செய்த நாளில் சட்டம் அதற்கு விதித்திருந்த உச்ச தண்டனை 8 ஆண்டுச் சிறை!

எட்டாண்டுச் சிறை எப்படித் துப்பாக்கிக் குண்டாக மாறிற்று? இதைத்தான் நாம் காண வேண்டும். கள்ளச் சந்தைக்காரனுக்கு வக்காலத்து வாங்க வந்தீரோ என்று தோழர்கள் சிலர் சீறக்கூடும். இல்லை, தோழர்களே! ரோக்கோதவ் தியாகியும் அல்லர், தீரரும் அல்லர்; ஆதாயம் தேடியவர், அதில் பெரும்பொருள் குவித்தவர். ஆனால், நீதி என்பது நல்லவனுக்கு மட்டும் அளக்கப்படும் படியா? கெட்டவன் என்று நாம் கருதுபவனுக்கும் அதே படியால் அளந்தால்தான் அது நீதி.

முதலில், அந்த வாணிபம் எப்படி நடந்தது என்று பார்ப்போம். 1957-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 11 வரை மாஸ்கோவில் உலக இளைஞர் விழா நடைபெற்றது. ஸ்டாலின் காலத்தில் இறுகப் பூட்டிக் கிடந்த கதவு திறந்தது. ஏறத்தாழ 34,000 வெளிநாட்டு இளைஞர்கள் அந்நகருக்குள் வந்தனர். அவர்கள் அணிந்திருந்த சட்டை, காலணி, கைக்கடிகாரம் எல்லாம் மாஸ்கோ இளைஞனுக்கு வியப்பளித்தன. தன் நாட்டுக் கடையில் வரிசையில் நின்றும் கிடைக்காத பொருள்கள் அவை. விழா முடிந்தது, விருந்தினர் போயினர். ஆனால் உல்லாசப் பயணிகள் ஆண்டுதோறும் வரத் தொடங்கினர். அவர்களிடம் டாலர் இருந்தது, பவுன் இருந்தது, மார்க் இருந்தது.

கோர்க்கி வீதி மாஸ்கோவின் மையப் பெருவீதி. புஷ்கின் சதுக்கத்திலிருந்து பெரிய விடுதிகள் வரை அந்த வீதியில் மாலைநேரங்களில் இளைஞர்கள் உலவுவர். பயணியைக் கண்டால் மெல்ல அணுகுவர். வங்கியில் மாற்றினால் இவ்வளவுதான், எம்மிடம் தந்தால் அதைவிடக் கூடுதல் என்பர். இவர்கள் ஓடியாடி வாங்குபவர்கள். இவர்களிடமிருந்து மொத்தமாகப் பெறுவோர் இவர்களுக்கு மேலே இருந்தனர். அவர்களுக்கும் மேலே, முகமே காட்டாத முதலாளிகள் இருந்தனர். வாங்கிய டாலர், தங்கமாக மாறும். தங்கம், பணத்தைப் பதுக்க இடம் தேடுவோரின் பெட்டிக்குள் போகும். தனியுடைமையை ஒழித்துவிட்டோம் என்று முரசறைந்த தலைநகரில், தரகும் மொத்த வியாபாரமும் இப்படி அடுக்கடுக்காய் வளர்ந்து நின்றன.

ஏன் வளர்ந்தன? சிலருடைய பேராசை என்று சொல்லி முடித்துவிடலாம், அது எளிது. ஆனால் பேராசை எந்நாட்டிலும் உண்டு. விதை எங்கும் கிடக்கிறது. ஈரமுள்ள மண்ணில்தான் முளைக்கிறது. அந்த ஈரம் எது?

சோவியத் அரசு, ஒரு டாலருக்கு 4 ரூபிள் என்று விலை குறித்திருந்தது. சந்தை குறித்த விலையன்று அது; ஆணை குறித்த விலை. அந்த விலையில் ரூபிள் வாங்க வெளிநாட்டார் எவரும் விரும்பவில்லை என்பதை அரசே அறிந்திருந்தது. ஆதலால் 1957-இல் பயணிகளுக்கு மட்டும் டாலருக்கு 10 ரூபிள் என்று தனி விலை வைத்தது. ஒரே ரூபிளுக்கு, ஒரே நாட்டில், ஒரே அரசின் கையாலேயே இரண்டு விலை! பின்னர் 1961 ஜனவரி முதல் நாளில் பழைய 10 ரூபிளுக்குப் புதிய 1 ரூபிள் என்று நாணயம் மாற்றப்பட்டது. எளிய கணக்கு, ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் போடுவான். பழைய 4 ரூபிள் ஒரு டாலர் என்றால், புதிய கணக்கில் 40 கோப்பெக்தானே ஒரு டாலர் ஆக வேண்டும்? அரசு குறித்ததோ 90 கோப்பெக்! ரூபிளின் மதிப்பு ஒரே இரவில் பாதிக்கும் கீழே இறங்கியது. எங்கள் நாணயம் வலுப்பெற்றது என்று வெளியே கூறிக்கொண்டே, பழைய விலை பொய் விலை என்று அரசு தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது.

பொய் விலை இருக்கும் இடத்தில் மெய் விலை பதுங்கி வாழும். அந்தப் பதுங்குமிடத்துக்குத்தான் கள்ளச் சந்தை என்று பெயர். இது பொதுவுடைமை நாட்டுக்கே உரிய நோயும் அன்று. முதலாளித்துவப் பிரிட்டனே 1939 முதல் 1979 வரை செலாவணிக் கட்டுப்பாட்டை வைத்திருந்தது. எந்திரம் வாங்கவும் உணவு வாங்கவும் அந்நியச் செலாவணி தேவைப்படும் அரசு, அதைச் சிதறவிடாமல் காக்க முயல்வதில் நியாயம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. கட்டுப்படுத்துவது வேறு, கட்டுப்பாட்டை மீறியவனின் உயிரைப் பறிப்பது வேறு.

இந்த வேறுபாட்டைச் சோவியத் நாட்டின் முதற்கால ஆட்சியாளர் ஒருவர் நன்கு உணர்ந்திருந்தார். புரட்சிக்குப் பின் மூண்ட உள்நாட்டுப் போரில் ரூபிள் நொறுங்கியது. பணம் என்ற ஒன்றே இல்லாத உலகம் பிறக்கப்போகிறது, தாள் மதிப்பிழந்தால் என்ன என்று மகிழ்ந்தோரும் அன்று உண்டு. 1922-இலும் 1923-இலும் 1924-இலுமாக மூன்று முறை நாணயம் மாற்றப்பட்டது. மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால், 1924-இன் ஒரு ரூபிளுக்குப் பழைய தாள் ரூபிள் 5,000 கோடி! கனவு கண்டவர்கள் கண்டுகொண்டேயிருக்க, உழவர் அந்தத் தாளுக்குத் தானியம் தர மறுத்தனர்.

அப்போது நிதித்துறையை ஏற்றவர் சொக்கோல்நிக்கவ். 1922-இன் இறுதியில் அவர் செர்வோனெத்ஸ் என்ற புதிய நாணயத்தைக் கொண்டுவந்தார். ஜார் காலத்துப் பத்து ரூபிள் தங்கக் காசில் எவ்வளவு தங்கம் இருந்ததோ, அவ்வளவு தங்கத்துக்கு இது ஈடு என்று அறிவித்தார். அறிவித்தால் போதுமா? மக்கள் நம்ப வேண்டாமா? சந்தையில் செர்வோனெத்ஸின் விலை சரியும்போதெல்லாம் அரசின் ஆட்களே சந்தைக்குச் சென்று, டாலரையும் தங்கக் காசையும் விற்று, செர்வோனெத்ஸை வாங்கினர். டாலர் மலிந்தால் வாங்கிச் சேர்த்தனர். அதற்கென்றே நிதித்துறையில் ஒரு தனிப் பிரிவு இருந்தது. சந்தையோடு போராடச் சந்தையிலேயே இறங்கினர். தடியை நம்பாமல் கணக்கை நம்பினர். நாணயம் நிலைத்தது.

ஆனால் அரசியலின் காற்று மாறியது. 1926 ஜனவரியில் சொக்கோல்நிக்கவ் நிதித்துறையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தத் தனிப் பிரிவை நடத்திய வோலின் அதே ஆண்டில் இரகசியப் போலீசாரால் பிடிக்கப்பட்டு, செலாவணிச் சூதாடி என்று குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். நேற்று அரசின் கட்டளைப்படி சந்தையில் டாலர் வாங்கி விற்றவர், இன்று அதற்காகவே குற்றவாளி! 1926-இல் ரூபிளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை. 1928-இல் உள்ளே கொண்டுவரவும் தடை. அன்று முதல் ரூபிள் கூண்டுப் பறவை. கூண்டுக்குள் இருக்கும் பறவைக்குச் சிறகின் வலிமை எவ்வளவு என்று யார் அறிவர்?

இதைவிடக் கொடிய அத்தியாயம் ஒன்று அடுத்து வருகிறது. 1931-இல் டோர்க்சின் என்ற கடைகளை அரசு தன் குடிமக்களுக்குத் திறந்துவிட்டது. அந்தப் பெயருக்கு அயலாரோடு வாணிபம் என்று பொருள். ஆனால் வந்து நின்றவர்கள் அயலார் அல்லர், சொந்த மக்களே. அங்கே ரூபிள் செல்லாது. தங்கம் தர வேண்டும். வெள்ளி தர வேண்டும். அல்லது அந்நிய நாணயம் தர வேண்டும். 1932, 1933 ஆண்டுகளில் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் வோல்கா ஆற்றுப் பகுதியிலும் பெரும்பஞ்சம். மாண்டவர்கள் பல இலட்சக்கணக்கானோர். அந்தப் பஞ்சத்தில், தாய்மார் திருமண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து மாவு வாங்கினர். முதியோர் போர்ப் பதக்கத்தைக் கொடுத்து ரொட்டி வாங்கினர். 1932 முதல் 1935 வரை இக்கடைகள் திரட்டிய தங்கம் ஏறத்தாழ 100 டன் என்று ஆவணங்களை ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். அந்தப் பொன் தொழிற்சாலைகளுக்கு எந்திரம் வாங்கப் போயிற்று. 1936-இல் கடைகள் மூடப்பட்டன.

எண்ணிப் பாருங்கள். ஒரு வாசலில் அரசே தங்கம் வாங்கி மாவு விற்கிறது. மறு வாசலில் அதே அரசின் இரகசியப் போலீசார், தங்கம் பதுக்கினாய் என்று வீடு புகுந்து பிடிக்கின்றனர். தங்கமும் டாலரும் தீமை என்றால் அரசின் கல்லாவிலும் அவை தீமைதானே? கைமாறும்போது பாவம் புண்ணியமாகும் விந்தையைக் கோயில் உண்டியல்களில் கண்டு நகைத்த நாம், அதே விந்தையைச் செங்கொடியின் கீழ்க் கண்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வோமா?

இனி 1961-க்குத் திரும்புவோம். அந்த வழக்கின் கொடுமையை உணர, அதற்கு ஐந்தாண்டு முன் நடந்ததை நினைவுகூர வேண்டும். 1956-இல் குருஷேவ், ஸ்டாலின் ஆட்சியின் அக்கிரமங்களைக் கட்சி மாநாட்டில் அம்பலப்படுத்தினார். சட்டத்தின் ஆட்சிக்குத் திரும்புவோம் என்ற நம்பிக்கை நாடெங்கும் பிறந்தது. அந்த நம்பிக்கையின் கனியாக 1958 டிசம்பர் 25 அன்று புதிய குற்றவியல் அடிப்படைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் ஆறாவது பிரிவு, தண்டனையைக் கூட்டும் எந்தச் சட்டமும் அது பிறப்பதற்கு முன் நடந்த செயலுக்குப் பொருந்தாது என்று உறுதியளித்தது. அதே நாளில் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், செலாவணிக் குற்றத்துக்கு 3 முதல் 8 ஆண்டு வரை சிறை என்று வகுத்தது. இரண்டும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். மூன்றாண்டு நிறையுமுன், இரண்டின் கழுத்தையும் நெரித்தவர் யார்? அவற்றைப் பெற்றெடுத்த அதே ஆட்சியாளர்!

ரோக்கோதவ் ஸ்டாலின் காலத்திலேயே தண்டனை முகாமில் சில ஆண்டுகளைக் கழித்தவர். அந்தப் பழைய இருள் நீங்கியபோது விடுதலை பெற்றவர். பைபிஷென்கோ இருபதுகளில் இருந்த இளைஞர். அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்ட செயல்கள் யாவும் எட்டாண்டே உச்சமாக இருந்த காலத்துச் செயல்கள். 1961 மார்ச்சில் ஓர் ஆணை பிறந்தது: உச்ச தண்டனை 15 ஆண்டு. மாஸ்கோ நகர நீதிமன்றம் அந்த 15 ஆண்டையே விதித்தது. அப்போதே ஆறாவது பிரிவு மீறப்பட்டது. ஆனால் குருஷேவின் சினம் அடங்கவில்லை. இத்தனை இலேசான தண்டனையா என்று குமுறினார். ஜூலை முதல் நாள் இன்னோர் ஆணை: செலாவணிக் குற்றத்துக்கு மரண தண்டனை. தலைமை அரசு வழக்குரைஞர் ருதென்கோ, முன்பு அளித்த தீர்ப்பு போதாது என்று முறையிட்டார். உச்ச நீதிமன்றம் மீண்டும் விசாரித்தது. அதே மனிதர், அதே குற்றம், அதே சான்று. தீர்ப்பு மட்டும் சாவு!

இந்த ருதென்கோ யார் தெரியுமா? இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்கள்மீது நடந்த வழக்கில் சோவியத் தரப்பின் தலைமை வழக்குரைஞராக நின்றவர். இலட்சோப இலட்சம் மக்களைக் கொன்று குவித்தவர்களுக்கு எதிராக நியாயம் பேசிய அதே நா, 15 ஆண்டுக்குப் பின், டாலர் விற்றவனின் உயிரைக் கேட்டது.

நாம் பள்ளியில் பணிபுரிபவர். ஆதலால் பள்ளியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். வகுப்பில் பேசினால் பெஞ்சின்மேல் நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு மாணவன் பேசினான், நின்றான். மறுநாள் தலைமையாசிரியர் வந்து, இனிப் பேசுவோரைப் பள்ளியை விட்டே நீக்குவேன் என்று விதி மாற்றி, நேற்றுப் பேசியவனே, நீ வெளியே போ என்றால் வகுப்பு என்ன நினைக்கும்? அடங்கித்தான் போகும். ஆனால் அன்று முதல் எந்த விதியையும் விதியென்று மதிக்காது. வலியவன் வாயிலிருந்து வரும் சொல்லென்று அஞ்சும். அஞ்சும் மாணவனை உருவாக்குவது எளிது. மதிக்கும் மாணவனை உருவாக்குவதுதான் கல்வி. ஆட்சிக்கும் இஃது ஒக்கும்.

அந்த மூவரோடு முடிந்ததா? இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பொருளாதாரக் குற்றங்களுக்காகச் சோவியத் நாட்டில் உயிரிழந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர். 1947-இல் அமைதிக் காலத்தில் மரண தண்டனையையே ஒழித்ததாக அறிவித்த நாடு அது! தண்டிக்கப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் யூதர்கள் என்று அனைத்துலகச் சட்ட வல்லுநர் ஆணையம் 1964-இல் எடுத்துக்காட்டியது. யூதர்களோ அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர்! பிறப்பால் வரும் இழிவு எவ்வளவு கொடியது என்பதை அறிந்த நமக்கு, இந்தக் கணக்கு சொல்லும் செய்திக்கு உரை வேண்டியதில்லை.

அன்று பெர்ட்ராண்டு ரஸ்ஸல் குரல் கொடுத்தார். அவர் சோவியத் நாட்டின் பகைவர் என்று எவரும் ஒதுக்க முடியாது. 1962 அக்டோபரில் கியூபாவை முன்னிட்டு அணுப்போர் மூளும் நிலை வந்தபோது, அமைதி காக்குமாறு குருஷேவுக்குத் தந்தியடித்து, அவரது மறுமொழியையும் பெற்றவர். அந்த நட்பைத் தடையாகக் கொள்ளாமல், இந்தத் தண்டனைகளைப்பற்றியும் யூதர்களின் நிலைபற்றியும் கவலை தெரிவித்து அவருக்கே எழுதினார். குருஷேவ் மறுத்தார், பாகுபாடு இல்லை என்றார். கடிதமும் பதிலும் 1963-இல் சோவியத் ஏடுகளிலேயே வெளியாயின. நண்பனிடம் குறையைக் கூறும் துணிவுதான் பகுத்தறிவின் உரைகல். பகைவனைக் குறை கூற அறிவு எதற்கு? நாக்கு இருந்தால் போதுமே!

சரி, இத்தனை குண்டுகளும் கள்ளச் சந்தையைக் கொன்றனவா? அதையும் வரலாறே சொல்லட்டும். 1960-களிலேயே பெர்யோஸ்கா என்ற கடைகளை அரசு நடத்தியது. அங்கே நல்ல பொருள்கள் அந்நிய நாணயத்துக்கு விற்கப்பட்டன. கிழக்கு ஜெர்மனியில் இன்டர்ஷாப். குடிமக்கள் மேற்கு ஜெர்மன் மார்க்கை வைத்துக்கொள்ளலாம் என்று அவ்வரசே 1974-இல் இசைந்தது. போலந்தில் பெவெக்ஸ்; அதன் வாசலிலேயே டாலர் தரகர்கள் நின்றனர், காவலர்கள் கண்டும் காணாதவர்போல் நடந்தனர். 1989-இல் போலந்து அரசு நாணய மாற்றுக் கடைகளைச் சட்டப்படி திறக்க விட்டது. கியூபாவில், டாலரை வைத்திருந்தாலே குற்றம் என்றிருந்த சட்டம் 1993-இல் நீக்கப்பட்டது. 1991-இல் சோவியத் ஒன்றியமே இல்லாது போயிற்று. கோர்க்கி வீதி த்வெர்ஸ்காயா என்ற தன் பழம்பெயரைத் திரும்பப் பெற்றது. 1990-களில், ரோக்கோதவின் ஆட்கள் பதுங்கிப் பதுங்கி டாலர் வாங்கிய அந்த மாஸ்கோவில், விளக்கெரியும் பலகையில் அன்றைய டாலர் விலையை எழுதி வைத்து நாணயம் மாற்றும் கடைகள் பட்டப்பகலில் நடந்தன. மாண்டவர்கள் மட்டும் மீளவில்லை.

சந்தையே நீதி, இலாபமே அறம் என்று நாம் முடிவு கட்டிவிட்டதாக எவரும் எண்ணற்க. மாஸ்கோவில் பொதுவுடைமை சாய்ந்ததும், முதலாளிக் கூட்டம் நாட்டுச் சொத்தைச் சூறையாடியதையும், ஓய்வூதியம் பெறும் முதியோர் தெருவில் நின்று வீட்டுப் பாத்திரத்தை விற்றதையும் உலகம் கண்டது. ஏழைக்கு ரொட்டியும், பிள்ளைக்குப் பள்ளியும், பிறப்பால் உயர்வு தாழ்வற்ற வாழ்வும் வேண்டும் என்ற குறிக்கோள் பழுதுடையதன்று. பழுது எங்கே? குறிக்கோள் உயர்ந்தது, ஆதலால் வழியைக் கேளாதே என்ற இடத்தில்! பசிக்குக் காரணம் தெய்வக் குற்றம் என்று பூசாரி சொன்னபோது, காரணத்தைக் காட்டு என்று கேட்டோம். பற்றாக்குறைக்குக் காரணம் சதிகாரன் என்று ஆட்சியாளன் சொன்னாலும், காரணத்தைக் காட்டு என்றே கேட்க வேண்டும். வெயில் சுடுகிறதென்று வெப்பமானியை உடைத்தால் வெயில் தணியாது. கள்ளச் சந்தை விலை, ரூபிளின் காய்ச்சலைக் காட்டிய வெப்பமானி. அதை உடைத்தார்கள், உடைத்தவர்களின் கையில் குருதி படிந்தது, காய்ச்சல் தணியவில்லை.

ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன், தவறு உணர்ந்த அக்கணமே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான் என்று நம் காப்பியம் கூறுகிறது. கோவலன் குற்றமற்றவன்; ரோக்கோதவ் குற்றவாளி. ஆயினும் குற்றவாளிக்கும் சட்டம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது: இதற்கு மேல் உன்னைத் தண்டியேன் என்ற வாக்கு. அந்த வாக்கை அரசு மீறியது. ரூபிள் தாளில் அச்சிட்ட வாக்கும் பொய்த்தது. சட்டப் புத்தகத்தில் அச்சிட்ட வாக்கும் பொய்த்தது.

இனி மாணவர் நம்மிடம் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயர் ஏன் என்று கேட்டால், உழவன் நெல்லையும் நெசவாளி துணியையும் சொல்லி நிறுத்தமாட்டோம். 1961-ஆம் ஆண்டு ஜூலையையும் சேர்த்துச் சொல்வோம்.